சிரிக்காமல் எழுந்த பிணம்

நூற்றுப் பதினேழு படங்களில் செத்து, அதில் ஒன்றில்கூட இடைவேளைவரை உயிரோடு இருந்து பார்த்திராத நடிகர் ஆதவராஜ், நூற்றுப் பதினெட்டாவது படத்தில் செத்தபோது நிஜமாகவே செத்துப்போனார். செத்தவர் பாடையிலிருந்து தானே இறங்கி, நெற்றியில் ஒட்டியிருந்த காசைப் பிய்த்து உதவியாளரிடம் கொடுத்து, மூக்குப் பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்து, கால் கட்டை விரல் கட்டை அவிழ்த்து, கம்பெனி வேனில் ஏறி, சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிற தன் வீட்டுக்கு வந்து, "பவளம், எனக்குக் காப்பி வேண்டாம்" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மனுஷன் காப்பி வேண்டாம் என்று சொல்லி அவர் மனைவி பவளக்கொடி கேட்டதே இல்லை. என்ன ஏது என்று கையைத் தொட்டுப் பார்த்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மாவுப் பாக்கெட் மாதிரி சில்லென்று இருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்றாள்.

"சிரிக்கல" என்றார் அவர், பெருமையாக.

சினிமாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கேமரா முன்னால் யார் பிணமாகப் படுத்தாலும், ஷாட் முடிந்ததும் "கட்" சொல்லிவிட்டுக் கேமராவை அணைக்க மாட்டார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பும் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் நடித்த சாவு நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை. அதற்கப்புறம்தான் கற்பூரம் சுற்றிப் பூசணிக்காய் உடைப்பார்கள். கோடி கோடியாகக் கொட்டி வெளிநாட்டுக் கேமரா வாங்குகிறவனும் சரி, கடவுளே இல்லை என்று பேட்டி கொடுக்கிறவனும் சரி, இந்தச் சிரிப்பை மட்டும் விட மாட்டான். இருபது வயசில் குரூப் டான்ஸில் மூன்றாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பவளக்கொடி இதை எத்தனையோ தடவை ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறாள். ஆதவராஜையே அவள் முதன்முதலில் பாடையில்தான் பார்த்தாள். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சிரிப்பது கலைக்கு அவமானம் என்பது ஆதவராஜின் நெடுநாள் கட்சி. மற்ற நூற்றுப் பதினேழு தடவையும் பழைய டைரக்டர்கள் "சிரிச்சுத் தொலைய்யா" என்று அதட்டிச் சிரிக்க வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை வந்தவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த புது டைரக்டர். "சாருக்கு விருப்பமில்லன்னா விடுங்க, பாத்திரத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துவிட்டார். அவர் படிச்ச படிப்பு அப்படி.

பாத்திரத்திலேயே இருப்பது என்பது ஆதவராஜுக்கு ஒரு வியாதி. பரமக்குடிப் பக்கத்தில் கோட்டைச்சாமியாகப் பிறந்து, சென்னைக்கு வந்து தனக்குத்தானே ஆதவராஜ் என்று பெயர் வைத்துக்கொண்ட நாளிலிருந்து அந்த வியாதி உண்டு. கண் தெரியாத பிச்சைக்காரனாக நடிக்க வேண்டும், மொத்தமே ரெண்டு நிமிஷம், அதற்கு நாலு மாசம் வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, பவளம் அரைத்து வைத்த மாவுக் குண்டானில் முழங்கால்வரை இறங்கினார். ஆட்டுக்காரனாக நடிக்க மூன்று ஆடுகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்தார், அவை பால்கனியில் காய்ந்த மகளின் காலேஜ் யூனிஃபார்மைத் தின்று தீர்த்தன. ஊமையாக நடித்தபோதுதான் வீடு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிரசவத்துக்குப் பவளம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் ஜமீன்தார் வேஷத்தில் இருந்தார், குழந்தையைப் பார்த்துவிட்டு "வாரிசு ஆணில்லையா?" என்று மீசையை முறுக்கினார், நர்ஸ் அடிக்கப் போனாள். அந்தக் குழந்தைக்கு நட்சத்திரா என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெயர் வைத்ததோடு சரி. வளர்த்தது, படிக்க வைத்தது எல்லாம் பவளம், வீட்டு வாசலில் இட்லி மாவு விற்று.

தெருமுனை டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "உள்ள ஒண்ணும் ஓடலம்மா" என்றார். "வேற ஏதாச்சும் தொந்தரவு உண்டா?" இல்லை என்றதும், "அப்ப உப்பைக் குறைச்சுக்கச் சொல்லுங்க" என்று எழுதிக் கொடுத்தார். செத்த மனுஷனுக்கு உப்பென்ன, சர்க்கரை என்ன என்று அவரும் யோசிக்கவில்லை, வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருந்த பதினாலு பேரும் யோசிக்கவில்லை.

ஃபிளாட் முழுக்க விஷயம் பரவிவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ரங்கபாஷ்யம், ரிட்டயர்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். "பவளம்மா, தப்பா எடுத்துக்கப்படாது. எல்லாரும் கோயில் குளம்னு போறவா. அவர் மட்டும் படியேறி வந்துட்டா தேவலை. லிஃப்டு வேண்டாமே."

"உயிரோட இருக்கறவங்களே முட்டி வலிக்குதுன்னு ஏற மாட்டேங்கறீங்க, செத்தவரு மூணு மாடி ஏறணுமா?" என்றாள் பவளம்.

"அவருக்குத்தான் மூச்சு வாங்காதே" என்றார் ரங்கபாஷ்யம். அவர் பேச்சில் நியாயம் இருந்ததால் ஆதவராஜ் படியேறினார்.

சாவு வீட்டு மாவு என்று நாலு நாள் யாரும் வாங்க வரவில்லை. ஐந்தாம் நாள் புரட்டாசி வெயில் பொன்னுருகக் காய்ந்தது. ஊரெல்லாம் காலையில் கரைத்த மாவு மத்தியானத்துக்குள் பொங்கிப் புளித்து வழிந்தபோது, ஆதவராஜ் பக்கத்தில் வைத்த குண்டானில் மட்டும் மாவு மூணு நாளானாலும் அரைத்த மாதிரியே இருந்தது. அந்தக் குளிர்ச்சி அப்படி. பவளம் அவருக்கு ரெண்டு பக்கமும் குண்டானை வைத்து நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். தீட்டு பார்த்தவர்களெல்லாம் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். "அண்ணன் பக்கத்துல இருக்கற குண்டான்லேர்ந்து குடுக்கா" என்று கேட்டு வாங்கினார்கள். அட, அந்த மனுஷன் குடும்பத்துக்கு உபயோகமாக இருந்தது அந்த ஒரு மாசம்தான்.

ஒரு மாசம்தான், ஏனென்றால் அதற்குள் கோடம்பாக்கத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. புரொடக்ஷன் மேனேஜர் டில்லிபாபு, முப்பது வருஷமாக அவரை "யோவ் பாடி" என்று கூப்பிட்டவன், ஆப்பிள் பழத்தோடு வந்து "சார்" என்றான். நெஞ்சு ஏறி இறங்காத பிணம், கொசு கடித்தாலும் அசையாத பிணம், நாலு மணி நேரம் வெயிலில் போட்டாலும் மேக்கப் கலையாத பிணம் வேறு எவனிடம் இருக்கிறது? இந்தக் கம்பெனியில் அப்பாவாகச் செத்தார், அந்தக் கம்பெனியில் தாத்தாவாகச் செத்தார். அதற்கப்புறம் ஒரு புத்திசாலி அவரை மந்திரியாகப் போட்டு, செத்தவர்தான் ஆட்சி நடத்துகிறார் என்று கதை பண்ணி, படம் ஓடோ ஓடென்று ஓடியது. பார்த்தவர்கள் எவரும் அதை மாயக் கதை என்று சொல்லவில்லை. விருது கொடுத்தார்கள். கொடுத்த மேடையில் பேசின பெரியவர், "இவர் வாழ்ந்து காட்டிய நடிகரல்ல, செத்துக் காட்டிய நடிகர்" என்று சொன்னார், கைதட்டல் ஓயவே இல்லை. ரசிகர் மன்றம் ரெண்டாகப் பிரிந்தது. ஒரு கோஷ்டி அவர் பிறந்த நாளுக்குக் கேக் வெட்டியது, இன்னொரு கோஷ்டி மாசா மாசம் நினைவு நாளுக்கு மொட்டை அடித்தது, ரெண்டுக்கும் அவரே போய் நன்றி சொன்னார். ரங்கபாஷ்யம் லிஃப்டைப் பிடித்து நிறுத்தி, "வாங்கோ சார், வாங்கோ" என்று உள்ளே விட்டு, கதவு மூடுவதற்குள் ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்.

இந்தக் கூத்தையெல்லாம் பவளம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாத ஒன்று ஆனி மாசம் வந்தது, போரூரிலிருந்து.

நட்சத்திராவுக்கு ஆவணி பதிமூன்றாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை செழியன், தங்கமான பையன், நட்சத்திராவும் அவனும் ஒரே ஆபீசில் வேலை பார்த்து, மூணு வருஷம் ரெண்டு வீட்டிலும் கெஞ்சி வாங்கின சம்மதம். புரட்டாசியில் அவனுக்கு மஸ்கட்டில் வேலை, போனால் திரும்ப மூணு வருஷம். அவன் அப்பா தவமணி, போரூரில் ஹார்டுவேர் கடை, ஆணி வாங்க வந்தவனிடம்கூட நீளம் என்ன என்று ரெண்டு தடவை கேட்கிற மனுஷர். அவர் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். சம்பந்தி இருக்காரா, இல்லையா? இருந்தார்னா மேடைக்கு வந்து தாரை வார்க்கட்டும். இல்லன்னா சாவு விழுந்த வீடு, வருஷம் திரும்பாம நல்ல காரியம் பண்ண முடியாது. எங்க பக்கத்து ஆளுங்க கேக்கறாங்க, நான் என்ன பதில் சொல்ல?"

ஆதவராஜ் அங்கேதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். "நான் இருப்பதாகவும் சொல்லலாம், இல்லாததாகவும் சொல்லலாம் சம்பந்தி. அதுதான் இந்தப் பாத்திரத்தோட ஆழம்" என்றார்.

தவமணி காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். உள்ளறையில் நட்சத்திரா சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். பவளம் ஆறிப்போன காப்பியைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். இந்த மனுஷனுடைய எல்லா வேஷத்துக்கும் அவள்தான் தீனி போட்டாள், சரி, கட்டிக்கொண்டவள், அது தலையெழுத்து. பெண் என்ன பாவம் செய்தாள்?

டில்லிபாபுவைக் கூப்பிட்டாள். "எடுக்காம விட்ட சிரிப்பை இப்ப எடுத்தா உயிர் வருமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "வரும்க்கா. ஒரு தபா ஒரு அம்மாவுக்கு இப்டித்தான் சிரிப்பு வுட்டுப்போயி, வூட்டுக்குப் போறதுக்குள்ள கை காலு சில்லுனு ஆயி, திருப்பி இட்டாந்து எடுத்தாங்க. அதே பாடை, அதே துணி, அதே கேமரா. ஒரு சிரிப்பு. சரியாப் பூட்ச்சு."

ஆதவராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தச் சிரிப்பு என் நடிப்புக்கு நானே போட்டுக்கற வாய்க்கரிசி" என்றார். பவளம் கையிலிருந்த கரண்டியை எறிந்தாள், அவர் மேல் பட்டது, வலிக்கவில்லை. கடைசியில் நட்சத்திரா வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, "அப்பா, உங்ககிட்ட நான் இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. எனக்காக ஒரே ஒரு தடவை சிரிங்கப்பா" என்றாள். அவர் மகளின் தலையில் கை வைத்தார். அப்படி வைப்பது எப்படி என்று அவருக்கு நாற்பது படத்து அனுபவம் இருந்தது. "செய்யறேம்மா. எந்த மாதிரிச் சிரிப்புன்னு மட்டும் டைரக்டர் தெளிவாச் சொல்லணும்."

ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதே தளத்தில் பாடை கட்டினார்கள். காசு ஒட்டினார்கள், பஞ்சு வைத்தார்கள், விரல் கட்டினார்கள். பவளமும் நட்சத்திராவும் கேமராவுக்குப் பின்னால் நின்றார்கள். டில்லிபாபு மேக்கப் கண்ணாடியோடு பாடைப் பக்கத்தில் நின்றான், உயிர் வந்தால் கண்ணாடியில் ஆவி படரும் என்று. டைரக்டர் "ஆக்ஷன்" என்றார். ஆதவராஜ் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். அருமையான சிரிப்பு, வில்லன் சிரிப்பு, லைட்டுக்காரர்கள் மயிர்க்கூச்செறிந்தார்கள். கண்ணாடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு டேக். மந்திரி சிரிப்பு. இன்னொன்று, குடிகாரன். இன்னொன்று, பேரனைப் பார்த்த தாத்தா, அதற்கு ரெண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாமியார் சிரித்தார், வட்டிக்கடைக்காரர் சிரித்தார், பைத்தியம் சிரித்தது, லாரி டிரைவர் சிரித்தார், சாகப்போகிற போலீஸ்காரர் சிரித்தார். நாற்பத்தோரு டேக் போனது. பூசணிக்காய் லைட்டுச் சூட்டில் வாடியது. ஒரு பொட்டு ஆவியும் கண்ணாடியில் இல்லை.

பவளம் பொறுக்க முடியாமல் வெளிச்சத்துக்குள் வந்தாள். "யோவ், எவனெவன் சிரிப்பையோ ஏன்யா சிரிக்கிற? உன் சிரிப்பைச் சிரி!"

அவர் பஞ்சு வைத்த மூக்கோடு அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "அது எப்படி இருக்கும் பவளம்? நீ பார்த்திருப்பியே. சொல்லு, பிடிச்சுக்கறேன்" என்றார்.

அவள் யோசித்தாள். தாலி கட்டின அன்றைக்கு அவர் அப்போது கொடிகட்டிப் பறந்த கதாநாயகன் மாதிரி ஒரு பக்கமாகச் சிரித்தார். வீடு குடிபோன அன்றைக்குப் பண்ணையார் மாதிரி சிரித்தார். மகள் முதல் ராங்க் வாங்கி வந்தபோது ஊமை வேஷம், சிரிப்பே இல்லை. தூக்கத்திலாவது? தூக்கத்திலும் அவர் யாரோ மாதிரிதான் குறட்டை விடுவார். முப்பத்தோரு வருஷத்தையும் மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தாள், இந்தா, இதுதான்யா நீ என்று எடுத்துக் கொடுக்க அவளிடம் ஒன்று இல்லை. அவள் மேல் அவளுக்கே ஆத்திரம் வந்தது. இப்படி ஒரு ஆளோடு இவ்வளவு நாள் குடித்தனம் பண்ணியிருக்கிறோமே!

"பேக்கப் சொல்லு டில்லி" என்றாள்.

அன்றைக்கே போரூர் போனாள், கடைக்கே போனாள். "சம்பந்தி, கல்யாணம் ஆவணி பதிமூணுதான். தாரை நான் வார்ப்பேன்."

"அப்ப அவரு இல்லைன்னு வச்சுக்கலாமா?"

"அவரு என்னைக்கு இருந்தாரு? ஆனா சாவு விழலீங்க. எங்க வீட்ல யாராச்சும் ஒப்பாரி வச்சோமா? யார் தலையிலயாச்சும் தண்ணி ஊத்தினோமா? கொள்ளி வச்சோமா? அழாத வீட்டுக்குத் தீட்டு எங்கேர்ந்து வரும்?"

தவமணி ஆணிப் பெட்டியை இழுத்து மூடினார். அவருக்கு மனுஷர்கள் புரியாது, கணக்குப் புரியும். அழுகை இல்லை, அதனால் சாவு இல்லை. "பொம்பள தாரை வார்க்கறதான்னு நாலு பேர் பேசுவாங்க, பேசிட்டுப் போகட்டும், செழியனும் அதையேதான் சொல்வான். ஆனா ஒண்ணு சம்பந்தியம்மா. தாலி ஏறி மூணு முடிச்சு விழற வரைக்கும் மண்டபத்துல ஒரு அழுகைச் சத்தம் கேக்கக் கூடாது. கேட்டா எங்காளுங்க எழுந்து போயிருவாங்க. அதுக்கப்புறம் என்னாலயும் முடியாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவரை முன் வரிசையில உக்கார வைங்க. எங்க பக்கத்துல எல்லாரும் போட்டோ எடுத்துக்கணும்னு ஆசைப்படறாங்க" என்றார். பார்த்துக்கொள்ளுங்கள், தீட்டும் வேண்டாம், போட்டோவும் வேண்டும்.

ஆவணி பதிமூன்றாம் தேதி ஆதவராஜ் சந்தனக் கலர் பட்டுச் சட்டை போட்டு, கன்னத்தில் உயிருள்ளவர் நிறத்துக்கு ரோஸ் தடவி, முன் வரிசையில் ரங்கபாஷ்யத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் அவரைச் சுற்றித்தான் கூட்டம். தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள், கை சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். முகூர்த்தம் நெருங்கியது. பெண் மணவறைக்கு வந்தாள். முந்நூறு தலையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. வீடியோக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு மேடை ஏறினான். போட்டோக்காரனும் ஏறினான். பவளம் பித்தளைச் செம்பைத் தூக்கி, மகள் கை மேல், மாப்பிள்ளை கை மேல் தண்ணீரை வார்த்தாள். ஐயர் ஒரு தடவை புருவத்தை உயர்த்தினார், அப்புறம் மந்திரத்தைச் சொன்னார்.

மேடையிலிருந்து பார்த்தால் முன் வரிசை நன்றாகத் தெரியும். ஆதவராஜ் கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவரை ஒரு ஆள் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலி ரங்கபாஷ்யம்கூட வாயைப் பிளந்துகொண்டு பெண்ணைத்தான் பார்த்தார். நாற்பது வருஷத்தில் இத்தனை பேர் நடுவில் இத்தனை வெளிச்சத்தில் அவர் வெறுமனே உட்கார்ந்ததே இல்லை. யாரும் பார்க்காத இடத்தில் இருக்க அவருக்குத் தெரியாது. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதைப் பவளம் பார்த்தாள். அடப்பாவி, இங்கேயும் ஒரு சீன் போடப் போகிறான் என்று பல்லைக் கடித்தாள். அவர் ஒரு கையை மேடைப் பக்கம் நீட்டி வாயைத் திறந்தார். ஐயர் "கெட்டிமேளம்" என்று கையை ஆட்டினார். தவிலும் நாயனமும் ஒரே அடியாக எழுந்தன. அவர் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை.

அவர் விழுந்தார்.

நூற்றுச் சொச்சம் தடவை அவர் செத்துப் பவளம் பார்த்திருக்கிறாள். குத்துப்பட்டு, குண்டடிபட்டு, விஷம் குடித்து, மாடியிலிருந்து விழுந்து, ஒவ்வொன்றிலும் ஒரு திரும்பல் இருக்கும், கை ஒரு தடவை காற்றைப் பிடிக்கும், முகம் கடைசியாக வெளிச்சத்துக்கு வரும். இதில் ஒன்றுமே இல்லை. முழங்கால் தப்பாக மடங்கியது. வேட்டி விலகியது. அரிசி மூட்டையை ஓரமாகச் சாய்த்த மாதிரி நாற்காலிக்கும் தூணுக்கும் நடுவில் சரிந்து, முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது. இவ்வளவு கேவலமாக அவர் செத்து அவள் பார்த்ததே இல்லை. அதனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

செழியன் கையில் தாலி இருந்தது, இன்னும் முதல் முடிச்சுகூட விழவில்லை. ரங்கபாஷ்யம் குனிந்து தூண் பக்கம் பார்த்துவிட்டு, மேடையைப் பார்த்து வாயைத் திறந்தார். தவில்காரர் எதையோ கவனித்துக் கையைத் தளர்த்தினார்.

"அடிங்கய்யா!" என்று பவளம் கத்தினாள். "நிறுத்தாதீங்க! கெட்டிமேளம், கெட்டிமேளம், கை ஓயாம அடிங்க!"

அவள் முகத்தைப் பார்த்த தவில்காரர் மறுபேச்சுப் பேசாமல் அடித்தார். மண்டபமே அதிர்ந்தது. முதல் முடிச்சு விழுந்தது. ரெண்டாவது விழுந்தது. நாத்தனார்க்காரி வந்து குனிந்து மூன்றாவதைப் போடுகிறவரை பவளம் மகளின் கழுத்தைத் தவிர வேறு எங்கும் பார்க்கவில்லை. அட்சதை மழையாக விழுந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, படியிறங்கி, எல்லாரும் மேடைப் பக்கம் ஏற, அவள் மட்டும் எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு தூணடிக்குப் போனாள். தரையில் உட்கார்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தலையை எடுத்து மடியில் வைத்தாள். வேட்டியைச் சரி பண்ணினாள். கன்னத்து ரோஸ் அவள் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. மேளம் இன்னும் ஓயவில்லை. அந்தச் சத்தம் இருக்கும்போதே, யாருக்கும் கேட்காமல், வாய்விட்டு, "ஐயோ, கோட்டைச்சாமி" என்று அலறி அழுதாள்.